பின்சீட்டு

ஜூன் 7, வெள்ளி

எனக்குச் சக்களத்தி வந்துவிட்டாள் என்று எதிர்வீட்டு ரங்கநாயகி தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். வந்தது ஒரு மோட்டார் சைக்கிள். பழைய காலத்து வண்டி மாதிரியே புதிதாகச் செய்து விற்கிறார்கள். வட்ட ஹெட்லைட், பலாக்கொட்டை வடிவத்தில் டேங்க், தொட்ட இடமெல்லாம் முகம் தெரிகிற பளபளப்பு. எந்தக் கம்பெனி செய்திருந்தால் என்ன, டப்டப் என்று ஓடினால் எங்கள் கோபியில் அதற்குப் பெயர் புல்லட்டுதான்.

இவருக்கு ஐம்பத்தாறு முடிந்துவிட்டது. பைப்பும் மோட்டாரும் விற்கிற கடைக்கு இத்தனை வருடமும் ஒரு கிழட்டு மொபெட்டில்தான் போய்வந்தார். திடீரென்று இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வயசானா ஆசைப்படக்கூடாதா புள்ள" என்றார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். முன்சக்கரம் நன்றாக நசுக்கியது. பின்சக்கரத்துப் பழம் நழுவி உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. வேறு பழம் எடுத்து வருவதற்குள் இவர் தெருமுனை திரும்பிவிட்டார்.

இந்த டைரி பைப் கம்பெனி கொடுத்தது. பால்காரர் வராத நாளைக் குறிக்க எடுத்தேன். வீட்டில் பேச ஆள் குறைந்த பிறகு இதில் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

பச்சைமலைக்குப் போய் வண்டிக்குப் பூசை போட்டு வந்தோம். ஏறுவதற்குள் படாதபாடு பட்டேன், சீட்டு அவ்வளவு உயரம். சேலையில் ஒருபக்கமாகத்தானே உட்கார முடியும். இடதுபக்கம் சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கிற கார்டோடு கால் வைக்க ஒரு தகடு இருக்கிறது. அதில் இரண்டு காலையும் வைத்து, ஒரு கையால் பின்கம்பியையும் மறுகையால் இவர் தோளையும் பிடித்துக்கொண்டேன். வாய்க்கால் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தபோது எதற்கென்று தெரியாமல் சிரித்துவிட்டேன். இவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். சந்தோசமாகத்தான் இருந்தது, அதை எழுதுவதில் என்ன வெட்கம்.

கோயிலில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார். "நாச்சிமுத்து, சாந்தாமணி" என்றார் இவர். "பாப்பா பேரு?" என்றார் குருக்கள், பழைய ஞாபகத்தில். "அவ்வளவுதாங்க" என்று இவர் தட்டை நகர்த்தினார்.

எழுதிவிடுகிறேன். இந்த வீட்டில் கோகிலவாணி என்று ஒரு மகள் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் வேறு சாதிப் பையனோடு போய்க் கல்யாணம் செய்துகொண்டாள். மறுநாளே இவர் சொந்தபந்தம் எல்லாம் பார்க்கப் பவானி ஆற்றில் இறங்கி, மகள் செத்துப்போனாள் என்று தலைமுழுகினார். என்னையும் முழுகச் சொன்னார். என் அண்ணன் சென்னியப்பன் கடைசிவரை படித்துறையில் நின்று பார்த்துவிட்டுத்தான் போனார். அன்றிலிருந்து அவள் பேச்சை எடுக்கக்கூடாது என்பது இவர் போட்ட சட்டம். மேற்கு அறை பூட்டிக் கிடக்கிறது. வாயால் நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

ஜூன் 12, புதன்

பால்காரர் வரவில்லை. வண்டிச் சாவிக்குக் கட்டக் கறுப்புக் கயிறு வாங்கினேன்.

ஜூன் 17, திங்கள்

கடைக்கு மொபெட், ஞாயிற்றுக்கிழமைக்குப் புல்லட் என்று முடிவாகிவிட்டது. நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நானும் தலை சீவிப் பூ வைத்துத் தயாராக நின்றேன். இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஐநூறு கிலோமீட்டர் ஓடற வரைக்கும் பின்னால ஆளு ஏத்தக்கூடாதுங்கறான் ஷோரூம்காரன். இஞ்சின் பழகோணுமாம்."

"கோயிலுக்கு ஏத்தீட்டுப் போனீங்களே?"

"அது சாமிக் காரியம். ஒரு நடை பரவால்ல. தெனமும் ஏத்துனா இஞ்சினுக்கு ஆகாது."

தனியாகப் போய் இருட்டுவதற்கு முன் வந்தார். பூவை எடுத்து முருகன் படத்துக்கு வைத்தேன். இஞ்சின் பழகுகிறவரை பொறுக்க மாட்டேனா, எதற்கெல்லாமோ பொறுத்தாகிவிட்டது.

வண்டியைத் துடைக்கும் வேலை எனக்கு வந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். திங்கட்கிழமை இவர் கடைக்குப் போனதும் ஒரு வாளித் தண்ணீரும் பழைய பனியனும் எடுத்துக்கொண்டு போர்டிகோவில் உட்கார்ந்துவிடுகிறேன். எங்கே சேறு அடைகிறது, எந்தத் திருகாணி துருப்பிடிக்கப் பார்க்கிறது என்று இவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். இஞ்சினில் ஆயில் பார்க்க வட்டமாக ஒரு கண்ணாடி இருக்கிறது. செயினுக்கு எண்ணெய் விடவும் கற்றுக்கொண்டேன். சைலன்சர் வலதுபக்கம். இடதுபக்கம் உட்காருகிற சேலைக்காரிக்குச் சுடாது. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

ஜூன் 23, ஞாயிறு

வண்டி வந்து நின்ற பிறகும் உள்ளே டிக் டிக் என்று ஒரு சத்தம் கேட்கிறது. பயந்துபோய்க் கேட்டேன். சூடு ஆறுகிறதாம். ஆறுகிறவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இவர் இன்று ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே கைகால் கழுவினார். இந்த மனிதர் முனகிக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று. வண்டி நல்ல ராசி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 1, திங்கள்

துடைக்க உட்கார்ந்தேன். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட், வலதுபக்கத்தது, கீழே இறங்கியிருந்தது.

அது எப்போதும் மடங்கித்தான் இருக்கும். நான் உட்கார்ந்தது ஒரே நாள், அதுவும் இடதுபக்கம். வலதுபக்கத்தது தானாக இறங்காது, காலால் தள்ளினால்தான் இறங்கும். இரண்டு பக்கமும் கால் போட்டு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். சைலன்சரில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. செருப்பு உரசி, சூட்டில் ரப்பர் உருகிப் பிடித்திருக்கிறது.

இவர் வந்ததும் சாதாரணமாகத்தான் கேட்டேன். "யாரையாச்சும் ஏத்துனீங்களாக்கு?"

"யாரையும் ஏத்தல. இஞ்சின் பழகோணுமில்ல" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கடைக்காரர் யாரையாவது ஏற்றியிருந்தால் ஏற்றினேன் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. இதில் மறைக்க என்ன இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

செயினில் மஞ்சள் துணி சிக்கியிருந்தது. சுடிதாருக்குப் போடுகிற சால், அதன் ஓரம். ஜரிகைப் பொட்டு இரண்டு அதில் இருந்தது. குறடால் பிடித்து இழுத்து எடுத்தேன். இந்த வயதுக்கு இவருக்குச் சுடிதார் போட்டவள் கேட்கிறது.

சைலன்சரில் இருந்த நீலத்தை பிளேடால் சுரண்டினேன். பாதிதான் வந்தது.

மதியம் சோறு இறங்கவில்லை. ரங்கநாயகி வந்து, "என்ன, சக்களத்திக்குக் குளிப்பாட்டி முடிச்சாச்சா?" என்றாள். போன மாதம் சிரித்த அதே பேச்சு. எழுந்து உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பாவம், அவளுக்கு என்ன தெரியும்.

ஜூலை 15, திங்கள்

டேங்க் மேல் குழந்தையின் கை.

பிசுபிசுவென்று இரண்டு கைத்தடம், பெட்ரோல் மூடிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. முன்னால் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறார். சீட்டுக்கும் டேங்குக்கும் நடுவில் பிஸ்கட் தூள். என் கையை மேலே வைத்துப் பார்த்தேன். அந்தக் கை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

ஆக, அவள் மட்டுமில்லை, குழந்தையும் இருக்கிறது. நான் பெற்றதைத் தலைமுழுக வைத்துவிட்டு, இவர் வேறு இடத்தில் ஒன்றைப் பெற்று வைத்திருக்கிறார். முனகின பாட்டு எதற்கென்று இப்போது தெரிகிறது.

சோப்பு போட்டுத் துடைத்தேன். போன பிறகும் துடைத்தேன். கை எரிகிறவரை துடைத்தேன்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. வெல்லமும் பொட்டுக்கடலையும் அடைத்துத் தேங்காய் சுட்டோம். தெருவெல்லாம் புகையும் பிள்ளைகளின் கூச்சலும். அண்ணன் பெருந்துறையிலிருந்து வந்திருந்தார். அவருக்கு அங்கே லாரி ஆபீஸ். அப்பா போன பிறகு எனக்கு எல்லாமே அண்ணன்தான். அவரிடம் நான் எதையும் மறைத்ததில்லை, மறைத்தால் கண்டுபிடித்துவிடுவார்.

இவர் கடையில் இருந்தார். அண்ணன் தேங்காய்ப் பூரணத்தைத் தின்றுகொண்டே என்னைப் பார்த்தார்.

"என்ன அம்மிணி, மொகம் வாடிக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்கண்ணா."

"என்றகிட்டயே மறைக்கறயாக்கும்."

அவ்வளவுதான். அழுதுவிட்டேன். ஃபுட்ரெஸ்ட்டைச் சொன்னேன், மஞ்சள் சாலைச் சொன்னேன், குழந்தையின் கையைச் சொன்னேன். அண்ணன் பதறவில்லை. போர்டிகோவுக்குப் போய் வண்டியைச் சுற்றி வந்தார். காலால் அந்த வலதுபக்கத்து ஃபுட்ரெஸ்ட்டைத் தள்ளி இறக்கினார், பிறகு மடக்கினார்.

"ஞாயித்துக்கெழமைதான போறாரு?"

"ஆமாங்கண்ணா."

"எந்நேரத்துக்கு?"

"சோறு உண்டதும் கெளம்பீருவாருங்க."

"நீ வெசனப்படாத. நான் பாத்துக்கறேன்."

மனசு லேசாகிவிட்டது. எனக்குக் கேட்க ஆள் இருக்கிறது என்று இவருக்கும் தெரியட்டும்.

ஜூலை 21, ஞாயிறு

எழுத முடிகிறதா என்று பார்க்கிறேன்.

மதியம் இவர் போனார். நான் மாவரைத்தேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் அண்ணன் கார் வந்தது. சட்டையில் இரண்டு பொத்தான் இல்லை. விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. தண்ணீர் கேட்டார். சொம்பு நிறையக் கொடுத்தேன், நின்றபடியே அண்ணாந்து குடித்தார்.

"உன்ற ஊட்டுக்காரருக்கு இன்னொரு குடும்பமெல்லாம் கெடையாது அம்மிணி. நிம்மதியா இரு."

எனக்கு உயிர் வந்தது. "அப்பறம் எங்கீங்கண்ணா போறாரு?"

"உன்ற புள்ள ஊட்டுக்கு."

எந்தப் பிள்ளை என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன்.

"உனக்கு எத்தன புள்ள? ஆத்துல முழுகுனமே, அவதான். புளியம்பட்டிப் பக்கம் ஒரு லைன் ஊட்டுல இருக்கறா. அந்தப் பையனுக்கு மில்லுல வேலையாம். இந்த மனுசன் வாரா வாரம் போயி, பேத்தியத் தூக்கி வண்டியில வெச்சு, மவளைப் பின்னால ஏத்தி, ஊர்வலம் உட்டுட்டிருக்கறாரு. நம்ம மானத்தை வாங்கோணும்னே வாங்குன வண்டி."

"அவள என்ன பண்ணுனீங்க?"

"அவமேல கை வெக்கல. தங்கச்சி புள்ளையாச்சே. அவனுக்குத்தான் கை முறிஞ்சிருக்கும். நாளைக்கு அவங்க அங்க இருக்க மாட்டாங்க. நீ மட்டும் சொல்லலீன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று என் தலையில் கை வைத்துவிட்டுப் போனார்.

இவர் இருட்டின பிறகு வந்தார். சத்தம் கேட்கவில்லை. தெருமுனையிலேயே இஞ்சினை நிறுத்திவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். ஒரு கண்ணாடி இல்லை. டேங்கில் பெரிய நசுங்கல், வண்டியைத் தள்ளிவிட்டு உதைத்திருக்கிறார்கள். நெற்றி வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 22, திங்கள்

துடைக்கவில்லை.

ஜூலை 24, புதன்

மூன்று நாளுக்குப் பிறகு பேசினார். சாப்பிட்ட தட்டில் கை காய்ந்துபோயிருந்தது.

"அவங்க போயிட்டாங்க புள்ள. போனு வேலை செய்யல. எங்கீன்னு எனக்கும் சொல்லல."

"உங்ககிட்டயுமா?"

"நாந்தான் உங்கண்ணனக் கூட்டியாந்தேன்னு நெனச்சுட்டா. அவன் கையைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தா. நான் கிட்டத்துல போனேன். 'உங்களையும் நம்புனனே ஐயா'ன்னா. அத்தோட சரி."

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். மகளைத் தலைமுழுகியவர் இவர்தானே. சட்டம் போட்டவர் இவர்தானே. அந்தச் சட்டத்தில் என்னை வைத்துப் பூட்டிவிட்டு, தான் மட்டும் எப்படி வெளியே போனார். மூன்று வருடம் செத்தவளுக்கு அம்மாவாக நான் இருந்தேனே, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கக் கூடாதா.

"அன்னைக்கு நான் முழுகலீன்னா உங்கண்ணன் அவங்கள உட்டிருப்பானா? அரிவாளை வண்டியில வெச்சுட்டுத்தான் படித்துறைக்கு வந்தான். செத்துட்டாள்னு நாமளே சொன்னதுக்கப்பறந்தான் திரும்பிப் போனான். அவ உசுரோட இருக்கோணும்னுதான் செத்துட்டாள்னு சொன்னேன்."

"இத என்றகிட்டச் சொல்றதுக்கு என்னங்க?"

விரலில் காய்ந்த பருக்கையை உரித்துத் தட்டில் போட்டார். பிறகு, "உனக்குத் தெரிஞ்சா உங்கண்ணனுக்குத் தெரிஞ்சிரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பால் திரிந்துவிட்டது என்பதுபோலச் சொன்னார்.

நான் தட்டை எடுத்துக் கழுவப் போட்டேன்.

குழந்தையின் பெயர் யாழினியாம். எங்கள் பக்கத்தில் இல்லாத பெயர். வண்டி வாங்கினதே அவளுக்காகத்தான். முன்பு கடை வேலை என்று சொல்லிக்கொண்டு மொபெட்டில் போய்வந்த நாளில், முன்னால் உட்காரவைத்தால் அழுதாளாம். பெரிய டேங்க் வண்டி ஒன்று தெருவில் போனதைப் பார்த்துக் கை நீட்டினாளாம். அதனால் வாங்கினாராம். அந்தக் குழந்தையின் கையைத்தான் நான் சோப்பு போட்டுத் துடைத்தேன்.

"நம்ம புள்ள என்னைக் கேட்டாளா?" என்றேன்.

குழாய் சொட்டுகிறது என்று எழுந்து போய்விட்டார். குழாய் சொட்டவில்லை.

ஜூலை 29, திங்கள்

வண்டிமேல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சுடிதார், குழந்தை, ஞாயிற்றுக்கிழமை, முனகின பாட்டு. ரங்கநாயகிக்குச் சொல்லியிருந்தால்கூட ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பாள். எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் இருக்க மூன்று வருடம் பழகியிருந்தேன். இஞ்சினை விட நன்றாகப் பழகியிருந்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அண்ணன் போன் செய்தார். அங்கே விருந்து, கார் அனுப்புகிறேன், வா என்றார். இத்தனை வருடம் தவறியதில்லை.

"நான் வரலீங்க" என்றேன். அண்ணா என்ற வார்த்தை வரவில்லை.

"என்ன அம்மிணி இது, உனக்காகத்தான..."

போனை வைத்துவிட்டேன். பஸ் ஏறி ஆற்றுக்குப் போனேன். முளைப்பாரியும் மஞ்சள்கயிறுமாக ஒரே கூட்டம். அன்று நின்ற அதே படித்துறையில் இறங்கினேன். தலைமுழுகினேன். இந்தத் தடவை யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை, மேலே நின்று யாரும் பார்க்கவும் இல்லை. என்னோடு பிறந்தவரை நான் முழுகிவிட்டேன். நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே ஆற்றில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவர். அழுகை வந்தது. அவருக்காகவும்தான் வந்தது, மறைக்கவில்லை.

ஈரச்சேலையோடு வீட்டுக்கு வந்தேன். இவர் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

டவுனில் ஒருவர் வண்டியை வாங்கிக்கொள்கிறேன் என்றாராம். நசுங்கலை எடுத்து, சைலன்சரைப் பாலிஷ் போட்டுப் புதிது போல ஆக்கிக்கொள்வாராம். அடுத்த வாரம் வந்து எடுத்துப் போகட்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். பார்க்கப் பார்க்க வேதனையாக இருக்கிறதாம்.

"வண்டியை வித்துத் தாட்டி விடறதுக்கு முன்னால என்னை ஒருக்கா அவ இருந்த ஊட்டுக்குக் கூட்டீட்டுப் போங்க" என்றேன்.

"அங்க யாரு இருக்கறா?"

"யாரும் இல்லாட்டிப் போகுது."

மேற்கு அறையைத் திறந்தேன். பூச்சி உருண்டை வாசம். அவளுடைய சுடிதார் பேன்ட் ஒன்றை எடுத்தேன். நாடா கட்டுவது, யாருக்கும் சேரும். சேலைக்கு அடியில் போட்டுக்கொண்டு, கொசுவத்தை ஏற்றிச் செருகினேன். தார்ப்பாயை இவர் எடுத்தார். வலதுபக்கத்து ஃபுட்ரெஸ்ட்டைக் காலால் தள்ளி இறக்கி, காலைத் தூக்கிப் போட்டு ஆண்பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். எதிர்வீட்டு வாசலில் ரங்கநாயகி முறத்தோடு நின்றுவிட்டாள். பார்த்தால் பார்க்கட்டும். என் மகள் கால் வைத்த இடத்தில் நான் கால் வைக்க வேண்டும், வேறொன்றும் இல்லை. வழியெல்லாம் சைலன்சர் சூடு ஆடுசதையில் அடித்தது. அவளுக்கும் இப்படித்தானே சுட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இவர் தோளைப் பிடித்திருந்தேன். அது குலுங்கியது. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

லைன் வீட்டில் கடைசி வீடு. பூட்டியிருந்தது. சன்னல் கம்பியில் குட்டிச் சட்டை காயப்போடுகிற சின்ன கிளிப் ஒன்று மட்டும் மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வெளியே உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், இவரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கையிலிருந்த வெங்காயம் அப்படியே நின்றது.

"நீங்க வாணி அம்மாங்களா?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயரை ஒருவர் வாயால் கேட்கிறேன். "ஆமாங்க. நான் வாணியோட அம்மா" என்றேன். சொல்ல முடிந்தது.

"இப்ப வந்திருக்கறீங்களே அம்மிணி" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், வெங்காயமும் இருக்கலாம். "ஞாயித்துக்கெழமையானா டப்டப்புனு சத்தம் ரோட்டுலயே கேக்குமுங்க. வாணி புள்ளையத் தூக்கி இடுப்புல வெச்சுட்டு ஓடியாரும். வந்ததும் ஐயன் மொகத்தைப் பாக்காதுங்க. பின்னால சீட்டைத்தான் மொதல்ல பாக்கும். வாரா வாரம் இப்படித்தான். அங்க என்ன கண்ணு பாக்கறேன்னு நானே ஒருக்காக் கேட்டுட்டேன். ஒரு நாளைக்கு எங்கம்மா அதுல உக்காந்து வருவாங்கக்கா, அப்படீன்னுச்சு."

இவர் வண்டியைப் பிடித்தபடியே நின்றார். இவருக்கும் இது தெரியாது. அப்பா வந்தார் என்று ஓடி வருகிறாள் என்றுதான் இத்தனை வாரமும் நினைத்திருக்கிறார்.

நான் அந்த வாசலில் கொஞ்சநேரம் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். எங்கே போனார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. சாமான்களை ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு வெயில் ஏறுமுன் போய்விட்டார்களாம். மருமகனுக்குக் கையில் மாவுக்கட்டு. குழந்தை, வருகிற போகிற வண்டியையெல்லாம் காட்டி "டப்டப்" என்று சொல்லிக்கொண்டே போனதாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வண்டி வாங்குகிறவர் காலையிலேயே வந்துவிட்டார். சுற்றி வந்து பார்த்தார், டேங்கைத் தட்டினார். சைலன்சரில் என்ன இந்த நீலக் கறை என்று குனிந்து நகத்தால் சுரண்டப் போனார்.

"அதைத் தொடாதீங்க" என்றேன். "வண்டி விக்கறதுக்கில்லீங்க."

அவர் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஊட்டுல சொன்னாச் சரிதானுங்க" என்று இவர் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார்.

நேற்றே ஒரு கண்ணாடி வாங்கி மாட்டியாயிற்று. நசுங்கல் அப்படியே இருக்கட்டும் என்றேன். துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டேன். மதியம் சாப்பிட்டதும் இரண்டு பேரும் கிளம்பினோம். அவள் எந்த ஊரில் இருக்கிறாள் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கவும் பயம், கேட்டால் பேச்சு பெருந்துறை லாரி ஆபீஸ் வரைக்கும் போய்விடும். அதனால் யாரிடமும் கேட்பதில்லை. இன்று சத்தியமங்கலம் போனோம். லைன் வீடுகள் இருக்கிற தெருக்களாகப் பார்த்து இவர் மெதுவாக ஓட்டினார். நான் இரண்டு பக்கமும் கால் போட்டு, தலை நிமிர்ந்து, நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வாசலாகப் பார்த்தேன். யார் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

என்றைக்காவது ஒரு நாள் இந்தச் சத்தம் கேட்டு அவள் ஒரு வாசலுக்கு வருவாள். வந்தால் முதலில் பின்சீட்டைத்தான் பார்ப்பாள். அது காலியாக இருக்கக்கூடாது.